ஒரு மில்லிமீட்டர் வில்லன்!

காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரியுதுன்னா, ஒண்ணு நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கணும், இல்லேன்னா உள்ளே ஒரு ரேஸ் கார் டீம் இருக்கணும். இந்த வாரம் நாம பேசப்போறது அந்த ரெண்டாவது கோஷ்டிகிட்ட. அப்பாவோட பழைய மாருதியை 'நானே பார்த்துக்கறேன்'னு ஸ்பேனரோட படுத்திருக்கிற பார்ட்டிகளும் வாங்க. மெக்கானிக்கல் படிக்காதவங்களும் பயப்படாம வரலாம். ஃபார்முலா கம்மி, மேட்டர் ஜாஸ்தி!

பிரச்னை இதுதான். அலைன்மென்ட் சென்டரில் காசு கொடுத்து, கேம்பரை பக்காவா செட் பண்ணிட்டு வர்றீங்க. ஒரு வாரம் ஓட்டினதும் கார் லேசா ஒரு பக்கம் இழுக்குது. திரும்பப் போய் அளந்தா, இடது பக்கம் சொன்ன இடத்திலேயே இருக்கு. வலது பக்கம் முக்கால் டிகிரி ஓடிப்போயிருக்கு! 'யாரு சார் மாத்தினது?' யாரும் மாத்தலை. அதுவாவே நழுவியிருக்கு.

எப்படி நழுவுது? எப்படி நிறுத்தறது? பார்த்துடலாம்.

கேம்பர்னா என்ன பாஸ்?

காருக்கு நேர் எதிரே நின்னு முன் சக்கரத்தைப் பாருங்க. செங்குத்தா நின்னா கேம்பர் பூஜ்யம். சக்கரத்தோட மேல்பக்கம் காருக்குள்ளே சாய்ஞ்சிருந்தா நெகட்டிவ். வெளியே சாய்ஞ்சிருந்தா பாசிட்டிவ். அவ்வளவுதான்!

வளைவில் வேகமாத் திரும்பும்போது கார் வெளிப்பக்கமாச் சாயும். வெளிப்பக்க டயரும் கூடவே சாய்ஞ்சு, ஓரத்தில் மட்டும் நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே சாய்ச்சு வெச்சா, வளைவில் டயர் முழுசா ரோட்டில் படியும். ரேஸ் கார் பசங்க நெகட்டிவ் கேம்பருக்கு அலையறது இதுக்குத்தான். தெருவில் ஓடற காரில் இது பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அளவுக்கு மிஞ்சி உள்ளே சாய்ஞ்சா, டயரோட உள் ஓரம் மட்டும் மொட்டையாகும். வெளியிலிருந்து பார்த்தா புது டயர், உள்ளே பார்த்தா கம்பி தெரியும்!

ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லேன்னா இன்னொரு தலைவலி. எந்தப் பக்கம் பாசிட்டிவ் அதிகமோ, கார் அந்தப் பக்கமா இழுக்கும்.

அந்த ரெண்டு போல்ட்

நம்ம ஊர் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னாடி இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயரோட ஐடியா. 1950-ல் வந்த ஃபோர்டு கான்சல் காரில் பிரபலமாச்சு. 1983-ல் இருந்து 2014 வரைக்கும் தயாரான நம்ம மாருதி 800-லயும் அதேதான்.

ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டும் சேர்ந்த ஒரு தூண். அதோட அடியில் ரெண்டு காது மாதிரி ஒரு பிராக்கெட். அந்தக் காதுகளுக்கு நடுவே, சக்கரத்தைத் தாங்குற நக்கிள் வந்து உட்காரும். குறுக்கே மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ரெண்டு போல்ட்.

கேம்பரை மாத்தணும்னா, மேல் ஓட்டையை நீளவாக்கில் வெட்டி ஸ்லாட் ஆக்குவாங்க. இல்லேன்னா மேல் போல்ட்டுக்குப் பதிலா 'கேம்பர் போல்ட்' போடுவாங்க. நடுவில் கோணலா ஒரு புடைப்பு இருக்கும். தலையைத் திருப்பினா நக்கிள் உள்ளேயும் வெளியேயும் நகரும். பல கார்களில் கம்பெனியே இந்த வசதியைக் கொடுக்கறதில்லை. டோ மட்டும்தான் செட் பண்ண முடியும். கேம்பர் போல்ட் எல்லாம் வெளியே வாங்கிப் போடறதுதான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. அந்த ரெண்டு போல்ட்டுக்கும் நடுவில் தூரம் 55 மில்லிமீட்டர்னு வெச்சுக்குங்க. மேல் போல்ட் பக்கம் நக்கிள் 1 மில்லிமீட்டர் நகர்ந்தா என்ன ஆகும்? 55-க்கு 1. நக்கிளுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 1 டிகிரி மாறும். ஸ்ட்ரட்டும் கொஞ்சம் சாய்ஞ்சு அதில் பங்கு எடுத்துக்கும் என்பதால, சக்கரத்தில் முக்கால் டிகிரி மாதிரி தெரியும். நாம மேலே சொன்ன அதே முக்கால் டிகிரி! ஒரு ஏ.டி.எம். கார்டோட கனத்தைவிடக் கொஞ்சம் அதிகமான நகர்வு. கண்ணுக்குக்கூடத் தெரியாது. ஆனா டயருக்குத் தெரியும்.

பிடிச்சு வெச்சிருக்கிறது போல்ட் இல்லே!

இதைக் கேட்டா நிறைய பேர் ஷாக் ஆவாங்க. கேம்பரை அந்த இடத்தில் பிடிச்சு வெச்சிருக்கிறது போல்ட்டோட உடம்பு இல்லே. பிராக்கெட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவில் இருக்கிற உராய்வு. போல்ட்டோட வேலை, ரெண்டையும் இறுக்கி அமுக்குறது மட்டும்தான். ஸ்லாட்டில் இது இன்னும் சத்தியம். ஏன்னா, போல்ட்டைச் சுத்தி அங்கே காலி இடம்தானே இருக்கு?

12 மில்லிமீட்டர் போல்ட் ஒண்ணை 80 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குறோம்னு உதாரணத்துக்கு வெச்சுக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் போடற கணக்குப்படி, அது சுமார் 3.4 டன் எடை ஏத்தி வெச்ச மாதிரி அமுக்கும். இரும்புக்கு இரும்பு உராய்வு 0.15-ன்னு எடுத்தா, ரெண்டு காதுக்கும் சேர்த்து ஒரு போல்ட் தாங்குறது சுமார் 1 டன்.

'அடேங்கப்பா, 1 டன்னா! போதாதா?' அவசரப்படாதீங்க.

1000 கிலோ கார் ஒண்ணு டயரோட பிடிப்பு எல்லை வரைக்கும் வளைவில் திரும்புதுன்னா, வெளிப்பக்க முன் டயரில் மட்டும் சுமார் 400 கிலோ பக்கவாட்டு விசை வரலாம். அது தரையில் வருது. போல்ட் இருக்கிறது அதுக்கு மேலே. நெம்புகோல் மாதிரி அந்த விசை பெருகி, நெருக்கமா இருக்கிற ரெண்டு போல்ட் மேலே விழும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம். அதாவது 800 கிலோ. நம்ம கையிருப்பு 1000. மிச்சம் ரொம்பக் கொஞ்சம்தான்.

இப்போ நட்டைக் கையளவில் 'போதும்டா'ன்னு பாதி டார்க்குக்கு முடுக்கியிருந்தா? கையிருப்பு 500 கிலோ. முகத்தில் கிரீஸ் பட்டு உராய்வு 0.1-க்கு இறங்கியிருந்தா? முழு டார்க் கொடுத்தாலும் 700-ஐத் தாண்டாது. முதல் வேகமான வளைவிலேயே நழுவல் ஸ்டார்ட்!

எந்தப் பக்கம் நழுவும்? வளைவில் தரை, டயரோட அடியை உள்ளே தள்ளும். அதனால மேல்பக்கம் வெளியே வரும். கஷ்டப்பட்டு வெச்ச நெகட்டிவ் கரைஞ்சுபோகும். பெரிய பள்ளத்தில் தடால்னு விழுந்தா கதை தலைகீழ். கீழேயிருந்து வர்ற அடி, சக்கரத்தோட மேல்பக்கத்தை உள்ளே சாய்க்கும். அதனால 'எந்தப் பக்கம் ஓடியிருக்கு'ன்னு குறிச்சு வையுங்க. திருடன் எந்த வழியா வந்தான்னு அதுவே சொல்லிடும்!

ஸ்பிரிங் வாஷர் கைகொடுக்குமா?

நழுவலோட கதை முடியறதில்லே. 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் இன்ஜினீயர் ஒரு விஷயத்தை நிரூபிச்சுக் காட்டினார். போல்ட்டை அதோட நீளவாக்கில் ஆட்டுறதைவிட, குறுக்குவாட்டில் ஆட்டினா நட்டு வேகமாக் கழலும். அதாவது முதல்ல நழுவல், அப்புறம் தளர்ச்சி, அதனால இன்னும் நழுவல். ஒரு சுழல். கடைசியில் 'டக் டக்'னு சத்தம் வரும்போது, நட்டைக் கையாலேயே கழற்றிடலாம். வேகத்தில் போகும்போது அந்த நிலைமை வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஓட்டுறது உங்க டீம்மேட்டா இருக்கும். இல்லேன்னா உங்க அப்பாவா இருக்கும்.

'அதான் ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கோமே!' ஸாரி பாஸ். குறுக்குவாட்டு அதிர்வு சோதனையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பாஸ் மார்க் வாங்கறதில்லே. நூலில் ஊத்துற பசை? அது நட்டு சுத்தறதைத்தான் தடுக்கும். பிராக்கெட் நழுவறதை அதால தடுக்க முடியாது. ரெண்டும் வேற வேற நோய். மருந்தும் வேற.

ஃபார்முலா எஸ்.ஏ.இ. ரூல் புக்கைப் புரட்டுங்க. சஸ்பென்ஷன் மாதிரி உயிர்நாடி இடங்களில் ஸ்பிரிங் வாஷரும் நூல் பசையும் 'லாக்'னு கணக்கிலேயே வராது. லாக் நட், காட்டர் பின், சேஃப்டி வயர் இதெல்லாம்தான் வரும். போல்ட் தலையில் 8.8-க்குக் குறைஞ்ச நம்பர் இருக்கக்கூடாது. லாக் நட்டைத் தாண்டி ரெண்டு நூலாவது வெளியே தெரியணும்.

முதல்ல குற்றவாளியைக் கண்டுபிடிங்க

கேம்பர் மாறினா உடனே போல்ட்டை மாட்டிவிடாதீங்க. பால் ஜாயின்ட் தேய்ஞ்சிருக்கலாம். லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருக்கலாம். பள்ளத்தில் விழுந்து ஸ்ட்ரட்டே வளைஞ்சிருக்கலாம். வீல் பேரிங் போயிருக்கலாம்.

காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீங்க, இது கெஞ்சல் இல்லே, கட்டளை! சக்கரத்தை 12 மணியிலும் 6 மணியிலும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் தெரிஞ்சா வில்லன் பேரிங்கிலோ பால் ஜாயின்ட்டிலோ இருக்கான். ஆட்டமே இல்லே, ஆனா பிராக்கெட்டில் போல்ட்டைச் சுத்திப் பளபளன்னு தேய்ஞ்ச தடம், துருப்பொடி இருக்கா? அப்போ நழுவல்தான். கேஸ் கன்ஃபர்ம்.

நழுவாம முடுக்க...

ஒண்ணு: சுத்தம். போல்ட்டைக் கழற்றி, பிராக்கெட்டோட உள்முகத்தையும் நக்கிளோட முகத்தையும் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டுத் துடைங்க. துரு, மண், கிரீஸ் எதுவும் இருக்கக்கூடாது. முக்கியமா பெயின்ட்! அழகுக்காக அடிச்ச பவுடர் கோட்டிங் அமுக்கத்தில் மெல்ல நசுங்கும். நசுங்கினா போல்ட்டோட இறுக்கம் குறையும். அமுங்குற முகத்தில் மட்டும் வெறும் இரும்பு இருக்கட்டும். முடுக்கி முடிச்சப்புறம் வெளியே பெயின்ட் அடிங்க.

ரெண்டு: புது போல்ட், புது நட்டு. தடம் விழுந்த பழைய போல்ட் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் 'இதே சைஸ் கொடுங்கண்ணா'ன்னு வாங்கினது கண்டிப்பா வேண்டாம். கேம்பர் போல்ட்டோட உடம்பு ஒல்லி. அதனால அதுக்கு ஒரிஜினல் போல்ட்டோட டார்க் பொருந்தாது. அதைத் தயாரிச்சவங்க சொன்ன அளவுதான். எந்த ஓட்டையில், எந்தத் திசையில் போடணும்னும் அதிலேயே போட்டிருக்கும்.

மூணு: டார்க் ரெஞ்ச். கம்பெனி மேனுவலில் உங்க காருக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. அதுக்குக் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். 'எக்ஸ்ட்ரா டைட்' போட்டா போல்ட் நீண்டு, செத்துப்போகும். அப்புறம் அது அமுக்காது. நூலில் எண்ணெய் விடலாமான்னும் மேனுவலையே கேளுங்க. எண்ணெய் விட்டா அதே டார்க்குக்கு இறுக்கம் எகிறிடும்.

நாலு: தலையைப் பிடி, நட்டைத் திருப்பு. பல ஸ்ட்ரட் போல்ட்டுகளில் தலைக்குக் கீழே பல் வரி இருக்கும். தலையைத் திருப்பினா பல் போயிடும். கேம்பர் போல்ட்டில் தலை நகர்ந்தா கேம்பரே நகர்ந்துடும். முடுக்கும்போது ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா.

அஞ்சு: திரும்ப அளங்க. முடுக்கும்போதே கோணம் லேசா மாறும். காரை இறக்கி, முன்னாடி பின்னாடி ரெண்டு மூணு தடவை உருட்டி, மேலே அமுக்கி விட்டுட்டு அளந்தாத்தான் உண்மை தெரியும். கேம்பர் மாறினா டோவும் மாறும். அதனால கேம்பர் முடிச்சப்புறம்தான் டோ. தலைகீழாப் பண்ணினா வேலை ரெட்டிப்பு.

அளக்க லட்ச ரூபாய் மெஷின் இல்லையா? கொத்தனார் கையில் இருக்கிற தூக்குக்குண்டு போதும்! சமமான தரையில் ஸ்டீயரிங்கை நேரா வெச்சு, ரிம்முக்குப் பக்கத்தில் நூலைத் தொங்கவிடுங்க. ரிம்மோட மேல் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவுன்னு ஸ்கேலில் அளங்க. 13 இன்ச் ரிம்மில் வித்தியாசம் சுமார் 6 மில்லிமீட்டர்னா 1 டிகிரி. மேலே இடைவெளி அதிகம்னா நெகட்டிவ். இப்போ சொல்லுங்க, பத்தாம் கிளாஸ் டேன்ஜென்ட் வேஸ்ட்டா?

ஆறு: கோடு போடுங்க. நட்டு, வாஷர், பிராக்கெட் மூணுக்கும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரே கோடு. பிராக்கெட்டுக்கும் நக்கிளுக்கும் குறுக்கே இன்னொரு கோடு. முதல் கோடு உடைஞ்சா நட்டு திரும்பியிருக்கு. ரெண்டாவது உடைஞ்சா நக்கிள் நழுவியிருக்கு. எந்தக் கருவியும் இல்லாம, குனிஞ்சு பார்த்தாலே ரிப்போர்ட் ரெடி. 50 - 100 கிலோமீட்டர் ஓடினதும் டார்க்கை ஒரு தடவை செக் பண்ணுங்க.

ரேஸ் டீமுக்கு மட்டும்: உராய்வையே நம்பாதீங்க!

கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே தெரியும்தானே? குறைஞ்ச செலவில் ரேஸ் கார் கட்டிக் காட்டின கரிவர்தன் பேரில் இருக்கிற டிராக். ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடு முழுக்க இருந்து காலேஜ் டீம்கள் அங்கே வர்றாங்க. இந்த மாதிரி போட்டிகளோட ஆணிவேர், 1981-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆரம்பிச்ச ஃபார்முலா எஸ்.ஏ.இ. இதிலே எண்டியூரன்ஸ்னு ஒரு சுற்று, சுமார் 22 கிலோமீட்டர். நடுவில் டிரைவர் மாறுவார், கார் மாறாது. ஒரு வருஷ உழைப்பு மொத்தமும் அந்த 22 கிலோமீட்டரில் தொங்கும். ஸ்லாட்டில் நழுவின ஒரு மில்லிமீட்டர் அதைக் கவிழ்த்துடக் கூடாது.

அதுக்கு வழி, நழுவ இடமே கொடுக்காத டிசைன்.

பெஸ்ட் சாய்ஸ், ஷிம். அப்ரைட்டுக்கும் மேல் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் நடுவில் அளவெடுத்த தகடுகளைச் செருகறது. கேம்பர் வேணுமா? தகடை எடு. வேண்டாமா? தகடைச் சேர். கோணத்தைத் தீர்மானிக்கிறது தகடோட கனம். உராய்வு இல்லே. இரும்புத் தகடு ராத்திரியோட ராத்திரியா மெலிஞ்சுபோகாது! எந்தத் தகடு எத்தனை டிகிரின்னு முன்னாடியே அட்டவணை போட்டுட்டா, பிட்டில் அஞ்சு நிமிஷ வேலை.

ஸ்லாட்தான் இருக்குன்னா, காலி இடத்தை அடைச்சுடுங்க. ஸ்லாட்டுக்குள்ளே கச்சிதமா உட்கார்ற ஒரு இரும்புத் துண்டு, அதில் வேண்டிய இடத்தில் ஓட்டை. அரை டிகிரிக்கு ஒண்ணு, 1 டிகிரிக்கு ஒண்ணுன்னு ஒரு செட் லேத்தில் கடைஞ்சு வெச்சுக்கலாம். உராய்வு தோத்தாலும் துண்டு விடாது. மேலே கேம்பர் பிளேட் போட்டவங்க, பல் வரி வெட்டின பிளேட்டா இருந்தா இன்னும் நிம்மதி.

செய்யக்கூடாதது மூணு. நக்கிள் மேலேயோ, போல்ட் தலையிலோ வெல்டிங் புள்ளி வைக்காதீங்க. வெப்பத்தில் உலோகத்தோட பலம் மாறி, எதிர்பாராத நேரத்தில் விரிசல் விடும். ரோட்டில் ஓடற காரில் அரத்தை எடுத்து நீங்களா ஓட்டையை நீட்டாதீங்க. சில இடங்களில் ஹைட்ராலிக் ஜாக்கி வெச்சு ஸ்ட்ரட்டையே வளைச்சு 'கேம்பர் ஓகே சார்'னு அனுப்புவாங்க. அதுக்குத் தலையாட்டாதீங்க. வளைஞ்ச பாகத்தை மாத்தணும், எதிர்ப்பக்கம் இன்னொரு தடவை வளைக்கக்கூடாது.

கடைசியா ஒரு வார்த்தை

டீமில் இதுக்குன்னு ஒருத்தரைப் போடுங்க. ஒரு நோட்டு, ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு பெயின்ட் பேனா. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாடியும் 'கோடு சரியா இருக்கு'ன்னு அவர் கையெழுத்துப் போட்டாத்தான் கார் வெளியே போகணும். கேப்டனே அவசரப்படுத்தினாலும் 'இரு மச்சி, பார்த்துடறேன்'னு சொல்ற ஆளா இருக்கணும். டீமில் ரொம்ப போரிங்கான வேலை இதுதான். ஹெல்மெட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறவர் நம்பியிருக்கிறதும் இந்த வேலையைத்தான்.

வீட்டுக் கார் பார்ட்டிகளுக்கும் அதேதான். இந்த ஞாயித்துக்கிழமை, காலையில் பத்து நிமிஷம் ஒதுக்கி, முன் டயரோட உள் ஓரத்தைக் கையால தடவிப் பாருங்க. வெளி ஓரத்தைவிட வழவழன்னு இருந்தா, விசாரணையை ஆரம்பிச்சுடலாம்.

அடுத்த வாரம்: பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் ஏன் நடுங்குது? அதுவரைக்கும்... முடுக்குங்க, அளங்க, கோடு போடுங்க. வர்ட்டா!